நீலகிரி ஏற்றத்துக்கு சைக்கிள் வாங்குகிறீர்களா? கியர், ஷிஃப்டர், கேபிள் தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

கடையில் முதலில் சொல்வது "இருபத்தொரு கியர் சார், மலைக்குக் கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாம்" என்பதுதான். கியரின் எண்ணிக்கையை வைத்து மலைக்கு சைக்கிள் வாங்காதீர்கள். உங்களை மேலே ஏற்றுவது ஒரே ஒரு கியர்: இருப்பதிலேயே லேசான, கடைசி கியர். அது போதாவிட்டால் மீதி இருபதும் குன்னூர் மலைச்சாலையில் வரும் பர்லியாருக்கு மேல் உதவாது. இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது கேபிள் போகும் வழி. குன்னூர் சாரலும் ஊட்டிப் பனியும் முதலில் கெடுப்பது கேபிளைத்தான். அதை நீங்களே மாற்ற முடிகிற சைக்கிளா, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டிய சைக்கிளா என்பதை வாங்கும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

சொற்களை முதலில் முடிவு செய்துகொள்வோம். கிராங்கோடு (பெடல் மாட்டியிருக்கும் கை) முன்னால் இருக்கும் பல்சக்கரம் செயின்ரிங். பின்சக்கரத்தில் அடுக்காக இருப்பது கேசட் அல்லது ஃப்ரீவீல் (இரண்டும் வேறு வேறு, கீழே வருகிறது). செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது டீரெய்லர். கைப்பிடியில் இருப்பது ஷிஃப்டர்.

1. எந்தச் சாலையில் ஓட்டப்போகிறீர்கள்?

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். நடுவில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் சாலை, 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லாறு வரை பெரிய ஏற்றம் கிடையாது. அதைத் தாண்டிய பிறகு ஏற்றம் சராசரி 5 சதவீதத்துக்கு (100 மீட்டர் போனால் 5 மீட்டர் உயரம்) மேல் போகும், விடாமல் போகும். செங்குத்தாக இல்லை, ஆனால் மூச்சு வாங்க இடமும் கொடுக்காது. கோத்தகிரி சாலையும் ஏறக்குறைய இதே இனம்.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறுவது வேறு கதை. 36 கொண்டை ஊசி வளைவுகள், 10 சதவீதத்தைத் தாண்டும் பகுதிகள் அடிக்கடி வரும். மஞ்சூர்–கெத்தை சாலையில் 43 வளைவுகள். இதெல்லாம் வேண்டாம், ஊருக்குள் ஓட்டினால் போதும் என்பவர்களும் ஏமாந்துவிடக் கூடாது. குன்னூரின் சந்துகளும், எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போகும் கான்கிரீட் பாதைகளும் காட் ரோட்டைவிடச் செங்குத்தானவை. காட் ரோடு லாரி ஏறுவதற்காகப் போட்டது. சந்து, இருக்கிற இடத்தில் போட்டது.

2. கடைசி கியரைக் கணக்குப் போடுங்கள்

செயின்ரிங்கின் பல்லை, பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தின் பல்லால் வகுங்கள். வருவது விகிதம். நிமிடத்துக்கு 60 சுற்று பெடல் மிதித்தால், சாதாரண 700 அளவு சக்கரத்தில் அந்த விகிதத்தை 7.6 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 29 அங்குலச் சக்கரம் என்றால் 8.2 ஆல் பெருக்குங்கள்.

முன் 34, பின் 28: விகிதம் 1.21, வேகம் 9.2
முன் 34, பின் 34: விகிதம் 1.0, வேகம் 7.6
முன் 24, பின் 28: விகிதம் 0.86, வேகம் 6.5
முன் 24, பின் 34: விகிதம் 0.71, வேகம் 5.4
முன் 32, பின் 51, 29 அங்குலச் சக்கரம்: விகிதம் 0.63, வேகம் 5.1

இந்த எண்களுக்கு அர்த்தம் இதுதான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 5 கிலோமீட்டரில் ஏற சுமார் 125 வாட் சக்தி வேண்டும். 8 கிலோமீட்டரில் ஏற சுமார் 200 வாட். ஓரளவு பழகிய உடம்பு 125 வாட்டை ஒரு மணி நேரம் தாங்கும். 200 வாட்டை ஒரு மணி நேரம் தாங்குவதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். கடைசி கியர் 1.21 என்றால், மெதுவாகப் போக நினைத்தாலும் முடியாது. பெடல் 40 சுற்றுக்கு இறங்கும், பளு முழுக்க முழங்காலில் விழும். மலைக்கு வந்த முதல் மாதத்திலேயே முழங்கால் வலி என்று சைக்கிளை மூலையில் சாத்துகிறவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இதுதான்.

மேட்டுப்பாளையம், கோத்தகிரி சாலைகளுக்கு விகிதம் 1.0 அல்லது அதற்குக் கீழ். கல்லட்டி, எஸ்டேட் பாதைகள், பை கட்டிக்கொண்டு போவது என்றால் 0.75 அல்லது அதற்குக் கீழ். 0.6க்குக் கீழே தேடி அலைய வேண்டாம். மணிக்கு 4 கிலோமீட்டரில் சைக்கிளை நேராகப் பிடிப்பதே சிரமம், இறங்கித் தள்ளுவது மேல்.

3. முன்னால் மூன்றா, இரண்டா, ஒன்றா?

குறைந்த விலை சைக்கிள்களில் வருவது முன்னால் 3, பின்னால் 7. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு, அது சரியில்லை. முன் 24, பின் 34 கிடைத்தால் கல்லட்டிக்கே போதும். உதிரி பாகமும் மலிவு. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலும் பின்னால் இருப்பது ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) மறையோடு முடுக்கும் ஃப்ரீவீல். அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதால் அச்சின் முனை தாங்கலில்லாமல் நிற்கும். கனமான ஆள், பள்ளம் விழுந்த சாலை என்றால் அச்சு வளையும், சில சமயம் முறியும். கேசட் பொருந்தும் ஃப்ரீஹப்பில் பேரிங் ஓரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

எது இருக்கிறது என்று கடையிலேயே பார்த்துவிடலாம். பின்சக்கரத்தைத் தூக்கி, பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் கருவி மாட்டும் வரிப்பள்ளம் தெரியும். அது பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பல் மட்டும் சுற்றி, நடுப்பகுதி அப்படியே நின்றால் ஃப்ரீவீல்.

முன்னால் 2 என்பது ரோடு சைக்கிள்காரர்களுக்கு. 50/34 (ஒன்று 50 பல், இன்னொன்று 34 பல்) செயின்ரிங்கோடு பின்னால் 34 பல் இருந்தால் குன்னூர் வரை போகலாம். மண் சாலைக்கும் ஏற்ற கிராவல் சைக்கிள்களில் வரும் 46/30 இன்னும் நல்லது.

முன்னால் 1, பின்னால் அகலமான கேசட் என்பது மலையில் குடியிருந்து தினமும் ஓட்டுபவர்களுக்கு என் முதல் தேர்வு. முன் டீரெய்லர் இல்லை, அதன் கேபிள் இல்லை, ஏற்றத்தின் நடுவில் முன் செயின் கழன்று விழும் பயம் குறைவு. ஷிமானோ நிறுவனத்தின் டியோர் 11 ஸ்பீடின் (பின்னால் 11 பல்சக்கரம்) 11-51 கேசட், அதாவது சின்னது 11 பல், பெரியது 51 பல், பழைய எச்.ஜி. வகை ஃப்ரீஹப்பிலேயே உட்காரும், புது ஹப் வாங்க வேண்டாம். 12 ஸ்பீடின் 10-51க்கு மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப் வேண்டும். பலர் கேசட்டை வாங்கிவிட்டு இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். "இறக்கத்தில் வேகம் போகாதே" என்று கவலைப்பட வேண்டாம். 32க்கு 11 என்றால் 90 சுற்றில் மணிக்கு 35 கிலோமீட்டர் வரும். அதற்கு மேல் காட் ரோட்டில் பெடல் மிதிக்கும் அவசியமே இல்லை, பிரேக்தான் வேண்டும்.

4. டீரெய்லர் பொருந்துமா?

இருக்கிற சைக்கிளில் 28 பல்லை எடுத்துவிட்டு 34 போட நினைப்பவர்கள் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அந்த டீரெய்லர் தாங்கும் மிகப் பெரிய பல். இரண்டு, மொத்தக் கொள்ளளவு: முன் பல்களின் வித்தியாசத்தோடு பின் பல்களின் வித்தியாசத்தைக் கூட்டினால் வருவது. 50/34க்கும் 11-34க்கும் 16 கூட்டல் 23, ஆக 39. குட்டைக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் கீழ்க் கை) டீரெய்லர் இதைத் தாங்காது. ஷிமானோவில் நீளக் கூண்டுக்கு எஸ்.ஜி.எஸ். என்று பின்பக்கம் பொறித்திருக்கும், நடுத்தரத்துக்கு ஜி.எஸ்., குட்டைக்கு எஸ்.எஸ்.

அடுத்த பொறி, கலந்து போடுவது. ஷிமானோவின் 8, 9 ஸ்பீடில் ரோடு ஷிஃப்டரும் மவுன்டன் பின் டீரெய்லரும் ஒத்துப்போகும். 10 ஸ்பீடிலிருந்து ரோடும் மவுன்டனும் கேபிளை வேறு வேறு அளவில் இழுக்கும். ரோடு 10 ஸ்பீடுக்குள்ளேயே டியாக்ரா 4700 தன் மூத்த மாடல்களோடு ஒத்துப்போகாது. ஷிமானோ ஷிஃப்டரோடு வேறு நிறுவனமான ஸ்ராமின் டீரெய்லர், பொதுவாக வேண்டவே வேண்டாம். கடையில் "போட்டுப் பாத்துக்கலாம்" என்றால், பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று பில் போடும் முன்பே கேளுங்கள்.

பெரிய கேசட் போட்டால் புது, நீளமான செயின் கட்டாயம். முன்னாலும் பின்னாலும் பெரிய பல்லில், டீரெய்லருக்குள் விடாமல் செயினைச் சுற்றிப் பிடித்து, முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி சேர்த்து வெட்டுங்கள். பழைய செயினை அப்படியே விட்டால், ஏதோ ஒரு வளைவில் கை தவறிப் பெரியதிலிருந்து பெரியதுக்கு மாற்றும்போது டீரெய்லர் பிய்ந்துகொண்டு வரும். முன்னால் ஒரே செயின்ரிங் உள்ள அகலக் கேசட்டுகளுக்கு நீளக் கணக்கு வேறு. அந்த டீரெய்லரோடு வரும் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

5. ஷிஃப்டர்

கட்டைவிரலால் தள்ளி, ஆள்காட்டி விரலால் விடும் டிரிகர் வகைதான் மலைக்கு ஏற்றது. கையுறை போட்டிருந்தாலும் வேலை செய்யும். கைப்பிடியைத் திருகும் கிரிப் வகை மழையில் ஈரக் கைக்கு வழுக்கும், ஏற்றத்தில் கைப்பிடியை இழுத்து மிதிக்கும்போது தானாகவே திரும்பிவிடும். மலிவு சைக்கிள்களில் பிரேக் லீவரும் ஷிஃப்டரும் ஒரே கட்டாக வரும். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும், பின்னாளில் ஹைட்ராலிக் பிரேக்குக்குப் போவதும் முடியாது. தனித்தனியாக இருப்பதையே கேளுங்கள்.

மின்சார ஷிஃப்டரில் கேபிள் தொல்லை இல்லைதான். ஆனால் விலை அதிகம், கெட்டால் மலையில் பார்க்க ஆள் கிடைப்பது அரிது. முதல் சைக்கிளுக்கு வேண்டாம்.

6. கேபிள் எந்த வழியாகப் போகிறது?

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கூடலூர் பக்கம் ஜூனிலிருந்து கொட்டும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்குப் பிறகு. நடுவில் மூடுபனி. ஆகவே இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

கேபிள் போக நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, பிரேமுக்கு வெளியே, ஆங்காங்கே நிறுத்தங்களில் அவுட்டர் (கேபிளின் வெளியுறை) முடிந்து, நடுவில் வெறும் இன்னர் (உள்ளே ஓடும் கம்பி) ஓடுவது. மாற்றுவது சுலபம், பத்து நிமிட வேலை. ஆனால் ஒவ்வொரு நிறுத்தமும் தண்ணீர் நுழையும் வாசல். கிராங்குக்கு அடியில் பிளாஸ்டிக் தாங்கி வழியாகப் போவதாக இருந்தால், முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறு முழுக்க அங்கே சேரும்.

இரண்டாவது, ஷிஃப்டரிலிருந்து டீரெய்லர் வரை முழு நீளத்துக்கும் அவுட்டர், பிரேமுக்கு வெளியே கிளிப்பில். மலைக்கு இதைவிட நல்லது இல்லை. வாசல் இரண்டே இரண்டு. பழைய பிரேமை இப்படி மாற்றலாம், ஆனால் நிறுத்தத்தின் ஓட்டையைப் பெரிதாக்க டிரில் போடாதீர்கள். அலுமினியம் பலவீனமாகும், வாரண்டியும் போகும். ஒட்டும் கிளிப்போ ஜிப் டையோ போதும்.

மூன்றாவது, பிரேமுக்குள் புகுந்து வெளியே வருவது. பார்க்க அழகு. உள்ளே முழு நீளக் குழாய் பதித்திருந்தால் பயமில்லை, ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் வரும். குழாய் இல்லாவிட்டால், பழைய இன்னரை உருவுவதற்கு முன் அதன் மேல் ஒரு மெல்லிய நீளக் குழாயைச் செருகி இரு பக்கமும் வெளியே நிற்கும்படி விட்டு, பிறகு இன்னரை மாற்றுங்கள். அப்படிச் செய்யாமல் உருவிவிட்டால், காந்தத்தை வைத்து ஒரு மாலை முழுக்க மீன் பிடிக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, ஹெட்செட் (ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங் தொகுதி) வழியாக உள்ளே போவது. புது மாடல்களில் பெருகிவருகிறது. ஹெட்செட்டின் மேல் பேரிங்கில் மழைநீர் இறங்கித் துருப்பிடித்தால், அந்த ஒரு பேரிங்கை மாற்றுவதற்காகக் கேபிளையும் ஹைட்ராலிக் குழாயையும் கழற்ற வேண்டும், எண்ணெய் நிரப்பிக் காற்றெடுக்க வேண்டும். சமவெளியில் ஐந்து வருடம் தாங்கும் பேரிங் இங்கே அவ்வளவு தாங்காது. மலையில் வசிப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்க வேண்டியவை: ஸ்டெயின்லெஸ் கியர் இன்னர் 1.2 மில்லிமீட்டர், 2.1 மீட்டர் நீளம், முன் டீரெய்லர் இருந்தால் இரண்டு. கியர் அவுட்டர் 4 மில்லிமீட்டர், முழு நீளத்துக்குப் பின்பக்கம் சுமார் 1.8 மீட்டர், முன்பக்கம் சுமார் 1 மீட்டர், ஆக 3 மீட்டர் வாங்குங்கள். முனைத் தொப்பி ஆறு, அதில் டீரெய்லர் பக்கம் போடுவது ரப்பர் மூக்கு வைத்ததாக இருக்கட்டும். இன்னர் நுனி பிரியாமல் இருக்கச் சிறு அலுமினியக் குப்பி இரண்டு.

கியர் அவுட்டரை ஒருபோதும் பிரேக்குக்குப் போடாதீர்கள். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் அவுட்டரில் சுருளாகச் சுற்றியிருக்கும். பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் விசையில் நீளவாக்குக் கம்பிகள் தொப்பியைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். அது நடப்பது இறக்கத்தில்தான் இருக்கும். கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் வேறு கடை பாருங்கள்.

வெட்டும் முறை: நல்ல கேபிள் கட்டரால் ஒரே வெட்டு. சாதாரண கட்டிங் பிளேயர் நசுக்கிவிடும். வெட்டிய முனையை அரத்தால் தட்டையாகத் தேயுங்கள். இப்போது முனையை நேராகப் பாருங்கள்: உள்ளே இருக்கும் வெள்ளைக் குழாயின் வாய், வெட்டின் அழுத்தத்தில் மூடிப்போய் ஒரு கீற்றாகத்தான் தெரியும். ஊசியை விட்டுச் சுற்றி அதை வட்டமாகத் திறங்கள். பிறகுதான் தொப்பி. இந்த ஊசி வேலையை விட்டுவிட்டு, "புதுக் கேபிள் போட்டும் கியர் விழமாட்டேங்குது" என்று டீரெய்லரையே மாற்றியவர்கள் உண்டு.

நீளம் பார்க்க ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், எங்கும் இழுபடக் கூடாது. பின் டீரெய்லருக்கு வரும் வளைவு முட்டுச்சந்து போல மடங்காமல் சீராக இருக்கட்டும். வளைவின் அடிப்பகுதியில்தான் தண்ணீர் தேங்கும். கட்டியான கிரீஸை இன்னரில் தடவ வேண்டாம், டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் அது இறுகிப்போய் ஷிஃப்டரை விட்டாலும் கேபிள் நகராது. அவுட்டருக்குள் ஏற்கெனவே போட்டு வருவதே போதும்.

7. பொருத்தியபின் சரிசெய்யும் வரிசை

வரிசை தப்பினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருப்பீர்கள். முதலில் டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் நேராக இருக்கிறதா பாருங்கள். பஸ் மேலேயும் டிக்கியிலும் வந்த சைக்கிளில் அது வளைந்தே இருக்கும். அடுத்து எச், எல் திருகுகள்: செயின் கேசட்டுக்கு வெளியேயும் ஸ்போக்குக்குள்ளும் போகாதபடி எல்லை. பிறகு ஷிஃப்டரைக் கடைசிச் சிறிய பல்லுக்கு விட்டு, கேபிளை இழுத்து முடுக்குங்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் உருளைத் திருகு) இடப்புறமாக அரைச் சுற்று, இறங்கத் தயங்கினால் வலப்புறமாக. கடைசியில் பி திருகு: பெரும்பாலான டீரெய்லர்களில் மேல் புல்லிக்கும் (டீரெய்லரின் மேல் சின்னச் சக்கரம்) பெரிய பல்லுக்கும் இடையில் 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி. அகலக் கேசட்டுகளுக்கு டீரெய்லரிலேயே அளவுக்கோடு இருக்கும்.

முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் அவுட்டர் முனைகள் உட்கார்ந்து கேபிள் தளரும். அது பழுதல்ல. பேரலை இன்னும் கால் சுற்று இடப்புறமாகத் திருகினால் சரியாகிவிடும்.

ஓட்டும்போது ஒரே ஒரு பழக்கம்: கொண்டை ஊசி வளைவுக்கு இருபது மீட்டர் முன்பே லேசான கியருக்கு மாற்றுங்கள். வளைவுக்குள் முழு பளுவோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் பல்லின் மேல் ஏறி நிற்கும், கண்ணி திறக்கும்.

8. எப்போது மாற்றுவது?

தினமும் ஓட்டுபவர்கள் கேபிளை வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்பு மாற்றுங்கள். கெட்டுப்போன அறிகுறி ஷிஃப்டருக்குள் இருக்கும். இன்னரின் குண்டுத்தலைக்குப் பக்கத்தில், வளைந்து வளைந்து ஓர் இழை முதலில் அறும். பிறகு இன்னொன்று. மாற்றும்போது கை கனமாகத் தெரிந்தால், மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் அன்றே மாற்றுங்கள். முழுக்க அறுந்தபின் அந்தத் தலையை உள்ளேயிருந்து எடுப்பது பெரும்பாடு.

செயினை ஸ்கேலால் அளக்கலாம். 12 அங்குலம் இருக்க வேண்டிய நீளம் 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் ஆனால் 0.5 சதவீதம் நீண்டிருக்கிறது. 11, 12 ஸ்பீடுக்கு அதுவே எல்லை. 10 வரை 0.75 சதவீதம். தாண்டினால் கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். 51 பல் கேசட்டின் விலையோடு பார்த்தால் செயின் விலை ஒன்றுமே இல்லை. சுத்தம் செய்ய மண்ணெண்ணெயோ டீசலோ போதும், நன்றாகத் துடைத்துக் காயவிட்டு ஈரத்துக்கான செயின் ஆயில். என்ஜின் ஆயில் ஊற்றினால் எஸ்டேட் மண் முழுக்க அதில் ஒட்டும்.

9. செலவும் நேரமும் ரசீதும்

தோராய விலை, பிராண்டையும் கடையையும் பொறுத்து ஏறும் இறங்கும்: கியர் இன்னர் ஒன்று 100 முதல் 250 ரூபாய், அவுட்டர் மீட்டர் 100 முதல் 200, 8 ஸ்பீடு செயின் 900 முதல் 1,500, 8 ஸ்பீடு 11-34 கேசட் 1,500 முதல் 2,500, நீளக் கூண்டு டீரெய்லர் 1,500 முதல் 3,000, ஹேங்கர் 300 முதல் 800. ஆக, 28 பல் சைக்கிளை 34க்கு மாற்ற கூலியோடு 5,000 முதல் 8,000. முன்னால் ஒன்று, பின்னால் அகலம் என்று முழுக்க மாற்ற இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வாங்கும்போதே சரியான கியரோடு வாங்குவது எப்போதும் மலிவு.

மலையில் இருக்கும் சைக்கிள் கடைகளில் டியூப், பிரேக் கேபிள், 7 ஸ்பீடு ஃப்ரீவீல் கிடைக்கலாம். அகலக் கேசட்டும் உங்கள் மாடலுக்கான ஹேங்கரும் பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்தோ கூரியரிலோதான் வர வேண்டும். நிலச்சரிவில் சாலை மூடினால் அதுவும் தாமதம். ஹேங்கர் ஒன்றும், இன்னர் இரண்டும் சைக்கிள் வாங்கும் அன்றே சேர்த்து வாங்கி வீட்டில் வையுங்கள்.

பில்லில் பிரேம் எண் எழுதியிருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் வாரண்டி கேட்பதும், தொலைந்தால் புகார் கொடுப்பதும் சிரமம். காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வருபவர்கள் இ-பாஸ் பதிந்துகொள்ளுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் இருக்கிறது. கட்டும்போது டீரெய்லரைப் பெரிய பல்லுக்கு ஏற்றிவையுங்கள், உள்ளே ஒதுங்கி நிற்கும், இடிபடாது.

10. வழியில் கேபிள் அறுந்தால்

பின் கேபிள் அறுந்தால் டீரெய்லர் ஸ்பிரிங் இழுத்து, செயின் சின்னப் பல்லில், அதாவது இருப்பதிலேயே கடினமான கியரில் போய் நிற்கும். ஏற்றத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முன்னால் மூன்றோ இரண்டோ இருந்தால் முதலில் சின்ன செயின்ரிங்குக்கு மாற்றுங்கள். பிறகு, வெறும் இன்னர் வெளியே ஓடும் பிரேமாக இருந்தால், டீரெய்லர் பக்கம் மிச்சமிருக்கும் இன்னரைப் பிடித்து, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே, செயின் நடுப்பல்லுக்கோ அதற்கு மேலோ ஏறும்வரை இழுங்கள். அந்த இழுப்பை விடாமல் தண்ணீர் பாட்டில் கூண்டின் திருகுக்கடியில் இன்னரைச் சுற்றி முடுக்குங்கள். முழு அவுட்டர் போட்டவர்கள் எச் திருகை உள்ளே முடுக்கினால் ஒன்றிரண்டு பல் மேலே நிற்கும். இரண்டுக்கும் தேவை நான்கு, ஐந்து மில்லிமீட்டர் ஆலன் கீயும் ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவரும். சீட்டுக்கு அடியில் இருக்கும் சின்னப் பையில் ஒரு சுருட்டிய இன்னரோடு சேர்த்துப் போட்டு வையுங்கள்.